அப்பாவின் மெசி டிரக்டர்: பதிவுப் புத்தகத்தில் ஒரு இஞ்சின், வண்டியில் வேறு இஞ்சின். எப்படி விற்பது?

கந்தப்பளைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரக்கறித் தோட்டம் இருக்கிறது. கரட், லீக்ஸ், கோவா, நடுவில் கொஞ்சம் கிழங்கு. அதோடு ஒரு பழைய சிவப்பு மெசி டிரக்டரும். 1981 இல் ஒரு தேயிலைத் தோட்டத்து ஏலத்தில் அப்பா எடுத்தது. அதற்குச் செவலை என்று பெயர் வைத்து, மாட்டைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிடுவார். எங்கள் படிக்கட்டு நிலத்தில் அதை வைத்து உழுதது குறைவு. கரட் மூட்டையைப் பெரிய ரோட்டு லொறி வரைக்கும் இழுக்கும், ஓடையிலிருந்து தண்ணீர்ப் பம்பு ஓட்டும், மாட்டெரு ஏற்றும். எங்கள் மூன்று பேர் படிப்பும் அதன் முதுகில்தான் போனது.

இப்போது தம்பி கொழும்பில், தங்கை பதுளையில். எனக்கு முதுகு வலி, அந்த இரும்பு சீட்டில் அரை மணி நேரம் இருக்க முடியாது. விற்கலாம் என்று முடிவு செய்தோம். போன கிழமை வவுனியாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், பிடித்துப் போய்விட்டது, விலையும் பேசிவிட்டோம். அப்புறம் கூட வந்த மெக்கானிக் புத்தகத்தை வாங்கி இஞ்சின் நம்பரைப் பார்த்தார். புத்தகத்தில் இருப்பது ஒன்று, இஞ்சினில் அடித்திருப்பது வேறு. முகம் மாறிவிட்டது. "களவு இஞ்சினா தம்பி?" என்று கேட்கவே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பேசிய விலையில் பாதி தருவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இவ்வளவு காலம் யாரும் பார்க்கவில்லை. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் எடுத்தபோதும் வண்டி நம்பரும் செசி நம்பரும் போட்டதும் வந்துவிட்டது, இஞ்சினை யார் கேட்டார்கள்? புத்தகம் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஆனால் மழைத் தண்ணீர் பட்டு, உற்பத்தி வருடம் இருந்த இடத்தில் மை கரைந்துவிட்டது. இது எந்த மாடல், எந்த வருடம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் 35 என்கிறார், ஒருவர் 135 என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

ஹப்புத்தளை லொறி

படம் இல்லாமல் என்ன சொல்ல? ஆனால் என் கணக்கில் இது இந்தியாவில் டாஃபே கம்பனி செய்த மெசியாக இருக்கும், இங்கே ஓடுவதில் நிறைய அதுதான். பாதி விலை தருகிறேன் என்றால் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள், பழைய இரும்புக்காரன் அதுவும் தரமாட்டான்.

ராகலை கராஜ்

படம் பார்க்காமல் டாஃபே என்று எப்படிச் சொல்கிறீர்கள் அண்ணே? சென்னையில் டாஃபே கம்பனி தொடங்கியதே 1960 இல். அதற்கு முன்னால் இந்த மலைக்கு ஏறியதெல்லாம் இங்கிலாந்து வண்டி, கவன்ட்ரியில் பேனர் லேன் என்ற இடத்துத் தொழிற்சாலையில் செய்தது.

கந்தப்பளைத் தம்பி, பாதி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நம்பர் பொருந்தவில்லை என்றால் களவு என்று அர்த்தம் இல்லை. அறுபது வருடத்து வண்டியில் எல்லா நம்பரும் பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டிக்கு செசி என்று ஒரு சாமானே கிடையாது. லொறிக்கு இருப்பது போல நீளச் சட்டம் ஒன்றும் கீழே ஓடாது. இஞ்சின், அதன் பின்னால் கியர் பெட்டி, அதன் பின்னால் பின் அச்சு, மூன்றையும் போல்ட் போட்டு இறுக்கினால் அதுவே உடம்பு. ஆனால் பதிவுப் படிவத்தில் செசி நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தகட்டு நம்பரைத்தான் எழுதுவார்கள். அந்தத் தகட்டைப் பாருங்கள். மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள், உளி வைத்துச் சுரண்டாதீர்கள், தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். நம்பருக்கு முன்னால் ஆங்கில எழுத்து மூன்றோ நான்கோ இருக்கும், எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம் மூக்கைப் பாருங்கள். பொனட் உருண்டையாக வழிந்து இறங்கினால் 35. முன்பக்கம் சதுரமாக வெட்டினாற்போல் இருந்து ஹெட் லைட் கிரில்லுக்குள்ளேயே இருந்தால் 135, அது 1964 கடைசியில்தான் வந்தது.

கடைசியாக, சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இஞ்செக்டர் எத்தனை என்று எண்ணுங்கள். மூன்றா நான்கா?

பழசு விரும்பி

செவலை! பெயரே போதும், விற்காதீர்கள் ஐயா.

கந்தப்பளைக்காரன்

விற்காமல் வைத்தால் துருப்பிடித்துத்தான் போகும். அது இன்னும் பெரிய பாவம்.

ராகலை அண்ணே, நீங்கள் சொன்னபடி செய்தேன். மூக்கு உருண்டை. இஞ்செக்டர் மூன்று. தகட்டைத் துடைத்தால் பச்சை, அதற்குக் கீழே வேறொரு சிவப்பு, அதற்குக் கீழேதான் எழுத்து தெரிந்தது. எஸ்டிஎம் என்று மூன்று எழுத்து, பிறகு நம்பர்: 112 ஆயிரத்துச் சொச்சம். புத்தகத்தில் இருக்கும் செசி நம்பரும் அதேதான். இஞ்சின் நம்பர் டீசல் பம்புக்குப் பின்னால் இஞ்சின் கட்டையிலேயே அடித்திருக்கிறது, முழுசாகப் போடட்டுமா?

ராகலை கராஜ்

போடாதீர்கள்! எந்த நம்பரையும் முழுசாகப் பொது இடத்தில் போடாதீர்கள். அந்த நம்பரை வைத்து வேறொரு வண்டிக்குப் புத்தகம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இஞ்சின் நம்பர் 152 என்று தொடங்கி யூ, ஏ என்று எழுத்து வருகிறதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

கந்தப்பளைக்காரன்

ஆமாம் அண்ணே. 152யூஏ. எப்படித் தெரியும்?

ராகலை கராஜ்

அது பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர், 3.152. அந்த 152 என்பது கன அங்குலம், நம் கணக்கில் இரண்டரை லீற்றர். முப்பது வருடமாக அதைக் கழற்றிப் பூட்டுகிறேன், தெரியாமல் இருக்குமா.

இப்போது கதையைக் கேளுங்கள். 35 என்ற வண்டி 1956 இல் வந்தது, அப்போது சாம்பல் நிறம், இஞ்சின் மட்டும் செம்பு நிறம், பெயர் பேர்கசன் மட்டும். 1957 கடைசியில் சிவப்பு அடித்து மெசி பேர்கசன் என்று பெயர் மாற்றினார்கள். ஆரம்பத்தில் டீசல் வண்டிகளில் நான்கு சிலிண்டர் இஞ்சின், 2.26 லீற்றர். 1959 இல்தான் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது, அதே வருடம் மெசி கம்பனி பேர்கின்ஸ் கம்பனியையே வாங்கிவிட்டது.

உங்கள் தகட்டு நம்பர் 112 ஆயிரம். 1958 ஆம் வருடம் 79553 இல் தொடங்குகிறது, 1959 ஆம் வருடம் 125068 இல். அதாவது உங்கள் செவலை 1958 இல் பிறந்தது. எழுத்தும் அதையே சொல்கிறது. எஸ்டிஎம் என்பதில் நடு எழுத்து டி என்றால் நான்கு சிலிண்டர் டீசல். மூன்று சிலிண்டராக வந்திருந்தால் எஸ்என்எம் என்று இருக்கும். கடைசி எம் என்றால் இரட்டைக் கிளச். கிளச்சைப் பாதி மிதியுங்கள், வண்டி நின்று, பம்பை ஓட்டும் பின் சாஃப்ட் மட்டும் சுற்றினால் அது சரி.

ஆக, 1958 இல் செய்த உடம்பில் மூன்று சிலிண்டர் இஞ்சின் கம்பனியிலிருந்து வந்திருக்கவே முடியாது. யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பது பழைய நான்கு சிலிண்டர் இஞ்சினின் நம்பராகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வண்டியும் பொய் சொல்லவில்லை, புத்தகமும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு கடதாசி குறைகிறது, அவ்வளவுதான்.

ஹப்புத்தளை லொறி

சரி, டாஃபே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்லா ஓடுகிற இஞ்சினை யாராவது ஏன் மாற்ற வேண்டும்?

ராகலை கராஜ்

நல்லா ஓடியதா என்பதுதான் கேள்வி. அந்த நான்கு சிலிண்டருக்குக் குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று உலகம் முழுக்கப் பெயர். வவுனியா வெயிலில் அது பிரச்சினையே இல்லை. நம் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும்போது யோசித்துப் பாருங்கள். மேட்டில் நிறுத்தி வைத்துக் காலையில் உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணிய வண்டிகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மாற்றுவதும் சும்மா தூக்கி வைத்துப் பூட்டுகிற வேலை இல்லை, காசும் சாமானும் பிடிக்கும். மாற்றியவர் நன்றாக யோசித்துத்தான் மாற்றியிருக்கிறார்.

கந்தப்பளைக்காரன்

அண்ணே, இதை வாசித்ததும் அம்மாவிடம் கேட்டேன். "ஓமடா, முந்தி உங்க அப்பா ராத்திரியே வண்டிய மேட்டுல ஏத்திக் கல்லு வச்சிட்டுத்தான் படுப்பாரு" என்கிறார். நாங்கள் பிறப்பதற்கு முந்திய கதை. எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

வவுனியா வயல்

வணக்கம். வந்து பார்த்த ஆட்கள் நாங்கள் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மெசி 35 என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. உழவுக்கும் சரி, பெட்டி இழுக்கவும் சரி, நெல்லுச் சூடு அடிக்கவும் சரி. ஆனால் எல்லோரும் தேடுவது மூன்று சிலிண்டரைத்தான், ஏனென்றால் அதற்குச் சாமான் எடுக்கலாம். இந்தியாவிலிருந்தும் வருகிறது, பாகிஸ்தானிலிருந்தும் வருகிறது. லாகூரில் 240 மாடலை அந்த 3.152 வம்சத்து இஞ்சினோடுதானே செய்தார்கள். நான்கு சிலிண்டருக்கு ஒரு லைனர் தேடினாலும் நாய் படாத பாடு. ஆகவே உங்கள் அப்பா செய்த மாற்றத்தால் வண்டியின் பெறுமதி கூடித்தான் இருக்கிறது, குறையவில்லை. குறைத்தது புத்தகம் மட்டும்.

வாங்குகிறவன் பக்கத்தையும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நம்பர் பொருந்தாத இஞ்சினோடு நான் மதவாச்சி தாண்டிப் போகும்போது பொலிஸ் மறித்தால் பதில் சொல்லப்போவது நான். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி வாங்கிய வண்டி எட்டு மாதம் பொலிஸ் முற்றத்தில் மழையில் நின்றது. அதனால்தான் அவர்கள் பாதி விலை என்றிருப்பார்கள். "களவா" என்று முகத்துக்கு நேரே கேட்டது மட்டும் பிழை.

பண்டாரவளை அக்கா

தம்பி, இஞ்சின் கதை எனக்கு விளங்காது, கடதாசி கதை விளங்கும். எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு அவர் பெயரில் இருந்த வேனுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். முதலில் ஒன்று: புரோக்கர் யாராவது பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்டு ஓப்பன் பேப்பரில் கொடுத்துவிடலாம் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா இப்போது இல்லை. அவர் கையெழுத்தை வேறு யாரும் போட முடியாது, போட்டால் அது வேறு குற்றம். வாங்கியவர் பெயர் மாற்றாமல் நாளைக்கு எங்கேயாவது ஆளை இடித்தால் பொலிஸ் வருவது உங்கள் அம்மா வாசலுக்கு.

மரணச் சான்றிதழை எடுத்து வையுங்கள். அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நான்கு பேரும் ஒரே மனதாக இருக்கிறீர்களா என்று முதலில் வீட்டுக்குள் பேசி முடியுங்கள், பிறகு சத்தியக் கடதாசிக்குப் போகலாம். கிராம சேவகரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் கடைசியாக எந்த வருடம் எடுத்தது என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நிலுவை இருந்தால் விலை பேசும்போதே யார் கட்டுவது என்று சொல்லிவிட வேண்டும், பிறகு அதற்கு ஒரு சண்டை வரும். இஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில்தான் பதிய வேண்டும். அங்கே என்ன என்ன கேட்கிறார்கள் என்று நேரிலேயே போய்க் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பி மூன்று தரம் பஸ் ஏறினேன்.

அந்த இஞ்சினை எங்கே வாங்கினார் என்பதற்கு ஒரு பில் துண்டாவது இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் அப்பா கரட் விலையைக் கொப்பியில் எழுதி வைக்கிற ஆளா இல்லையா?

கந்தப்பளைக்காரன்

எழுதி வைக்கிற ஆள்தான் அக்கா. கொப்பிகள் ஒரு சாக்கு நிறைய இருக்கின்றன, கிழங்கு விதைப் பெட்டிக்கு மேலே. இன்றைக்கு இரவு இறக்குகிறேன்.

பழசு விரும்பி

நான் கேட்பது வேறு. கழற்றிய பழைய இஞ்சின் எங்கே போனது? அது கிடைத்தால் அதில் இருக்கிற நம்பரே சாட்சி. அந்தக் காலத்து ஆட்கள் இரும்பை எறிய மாட்டார்களே.

ராகலை கராஜ்

நல்ல கேள்வி. ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்திய கட்டை இரும்புக் கடைக்குப் போய் உருகி, இப்போது யார் வீட்டுக் கேட்டாக நிற்கிறதோ.

ஹப்புத்தளை லொறி

லீக்ஸ் விலை யாருக்காவது தெரியுமா? கெப்பெட்டிபொலவுக்கு நாளை ஏற்றுகிறேன். மன்னிக்கவும், இடையில் கேட்டுவிட்டேன்.

கந்தப்பளைக்காரன்

நான்கு நாளாக வரவில்லை, மன்னியுங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

கொப்பிகளை வருடப்படி அடுக்கவே ஒரு இரவு போய்விட்டது. பாதி கறையான். உரம் வாங்கியது, தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாத நாள், அம்மாவின் நகை அடகு வைத்தது, மீட்டது, எல்லாம் இருக்கிறது. தேடியதை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். 1984 கொப்பியில் ஆவணி மாதம் இப்படி ஒரு வரி: "செவலைக்கு இஞ்சின், பஞ்சிகாவத்தை. பூட்டியது ராகலை. பழைய கட்டை வீட்டுக்கு, லொறிக் கூலி 60." பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் இடம். பக்கத்தில் குண்டூசி குத்திய இடமும் துருவும் இருந்தது, ஆனால் பில் இல்லை. இரண்டு கொப்பி தள்ளி, அட்டைக்குள் மடித்து வைத்திருந்தார். கையால் எழுதிய பில், பஞ்சிகாவத்தைக் கடை முத்திரையோடு. அதில் 152யூஏ நம்பர் முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். களவா என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேனே, அதற்கு அப்பா நாற்பது வருடத்துக்கு முன்பே பதில் எழுதி அட்டைக்குள் வைத்திருக்கிறார்.

அப்புறம்தான் "பழைய கட்டை வீட்டுக்கு" என்ற வார்த்தை உறைத்தது. வீட்டுக்கு என்றால் எங்கே? கொட்டகை, கோழிக்கூட்டுப் பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காலையில் அம்மா, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. டங் என்று. கல்லில் வைத்தால் அந்தச் சத்தம் வராது.

பிறந்ததிலிருந்து அதன் மேல் குடம் வைக்கிறோம், துணி அடிக்கிறோம், பல் தேய்க்கும்போது ஏறி உட்காருகிறோம். பாசி பிடித்து, ஓரத்தில் சீமெந்தும் பூசி, பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கல் என்றே நினைத்திருந்தோம். மேலே நான்கு வட்டத்தையும் தகரம் வைத்து மூடி, அதற்கு மேல் சீமெந்து. பக்கவாட்டில் மண்ணைத் தோண்டி, வயர் பிரஷ் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். நம்பர் வந்தது. புத்தகத்தில் இருக்கும் அதே நம்பர்.

ராகலை கராஜ்

தம்பி, முப்பது வருடத்தில் இப்படி ஒன்று நான் கேட்டதில்லை. தேய்த்த இடத்தில் உடனே எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மழையில் மறுபடி மூடிவிடும். பக்கத்தில் ஒரு அடி மட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். கொப்பிப் பக்கத்தையும் பில்லையும் அச்சுப் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டிலேயே வையுங்கள்.

பண்டாரவளை அக்கா

பில்லை லேமினேட் பண்ணிவிடாதீர்கள்! பழைய கடதாசி, சூட்டில் பழுதாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

வவுனியா வயல்

இவ்வளவும் இருந்தால் பயமில்லை. பில், கொப்பி, பழைய கட்டை மூன்றையும் வைத்துத் திணைக்களத்தில் இஞ்சின் மாற்றத்தைப் பதிந்து, வண்டியை அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்றிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. முந்தி வந்தவர்கள் வராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன். ஒரேயொரு கேள்வி: பிரேக் எப்படி? உங்கள் மலையிலிருந்து இறக்கி ஏற்றுவது நான்தானே.

கந்தப்பளைக்காரன்

பிரேக் போன வருடம்தான் அப்பா புதுசாகப் போட்டார். ஆனால் இரண்டு மிதியையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட்டுத்தான் ரோட்டில் எடுக்க வேண்டும், இறக்கத்தில் கியரைக் கழற்றவே கூடாது. இறம்பொடைப் பக்கம் நீங்கள் ஓட்டிப் போக வேண்டாம், லொறியில் ஏற்றித் தருகிறேன்.

போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அடுத்த கிழமை போகிறேன். தம்பியும் தங்கையும் சரி என்றுவிட்டார்கள். முந்தி வந்தவர்கள் நேற்று அழைத்தார்கள், பில்லைப் பற்றிச் சொன்னதும் பழைய விலைக்கே வருகிறோம் என்றார்கள். பதிவு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். களவு என்று கேட்டதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதனால் வவுனியா அண்ணே, உங்களுக்குத்தான் முதல் இடம்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டையையும் கொண்டுவரச் சொன்னால் என்ன செய்வது என்று அம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். டிரக்டர் போவதற்கு ஒரு வார்த்தை சொல்லாதவர், இதற்குக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே திரும்பிப் பார்த்தார். "நம்பர் பாக்கணும்னா ஆபீஸ்காரவங்க பீலிக்கரைக்கு வந்து பாக்கட்டும்" என்றார்.